எதிர்வீட்டுக் கட்டில்

எனக்கும் எதிர்வீட்டுக்காரிக்கும் ஒரே மாதிரி வீடு. இரண்டு பேர் வீட்டுக்காரர்களுக்கும் ஒரே கிரேடு, ஒரே சம்பளம். வயிற்றில் இருந்த பிள்ளைகளுக்கும் இருபது நாள்தான் வித்தியாசம், என்னுடையது முந்தி. பொறாமைப்பட இதைவிட வசதி வேண்டுமா? பெரிய அதிகாரியின் பங்களாவைப் பார்த்து நான் ஒருநாளும் வயிறெரிந்ததில்லை. அது நமக்கானது இல்லை என்று மனசு முதலிலேயே ஒதுக்கிவிடும். நமக்குக் கொடுத்த அதே பத்துக்குப் பத்து அறையை இன்னொருத்தி வேறு மாதிரி வைத்துக்கொண்டால்தான் தாங்காது. எனக்குத் தாங்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டி, அணு ஆராய்ச்சியில் வேலை பார்ப்பவர்களுக்காகக் கட்டிய குடியிருப்பு. எல்லா ஊர்க்காரர்களும் இருந்தார்கள், உள்ளூர்க்காரர்கள்தான் குறைச்சல். என் அப்பாவும் மாமனாரும் செங்கல்பட்டுப் பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். என் வீட்டுக்காரர் ஐ.டி.ஐ. படித்துத் தேர்வு எழுதி உள்ளே போனார். எங்கள் சனத்தில் குவார்ட்டர்ஸ் வாங்கிய முதல் ஆள் அவர். ஊரில் யாராவது விசேஷத்துக்குக் கூப்பிட்டால் குவார்ட்டர்ஸ் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டேதான் போய் உட்காருவேன். அந்தப் பெருமையெல்லாம் எதிர்வீட்டுக்குப் பொள்ளாச்சிக்காரி குடிவரும் வரைக்கும்தான்.

எனக்கு அது இரண்டாவது பிள்ளை. முதல் பிள்ளை எட்டாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே அசைவு நின்றுபோனது. அப்போது அம்மா வீட்டில் இருந்தேன். ஒரு வாரமாகத் தலைவலி என்று தைலத்தைத் தடவிக்கொண்டு கிடந்தேனே தவிர, அது பிரஷர் என்று எனக்கும் தெரியவில்லை, அம்மாவுக்கும் தெரியவில்லை. அதனால் இந்த முறை அம்மா வீடு வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இரு என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். முதல் தடவை அமர்க்களமாக வளைகாப்பு நடத்திக் கண்பட்டுப் போயிற்று என்று மாமியார் நினைத்ததால், இந்த முறை வளைகாப்பும் கிடையாது. ஐந்து மாதம் வரைக்கும் முந்தானையை இழுத்து இழுத்து வயிற்றை மூடிக்கொண்டு நடந்தேன்.

ஆறாம் மாதம் பிரஷர் பார்த்தபோது லேசாக ஏறியிருந்தது. டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே, "தூங்கறியா?" என்பதுதான்.

"எங்கம்மா தூக்கம்? பொரண்டுகினே கீறேன்."

"இடது பக்கமாச் சாஞ்சு படு. ராத்திரி வரலைன்னா பகல்ல மூணு மணி நேரமாவது படுத்தே ஆகணும். உனக்கு மாத்திரையைவிட அதுதான் முக்கியம். போன தடவை என்ன ஆச்சுன்னு உனக்கே தெரியும்."

தெரியும். தெரிந்துகொண்டே தூங்குவதுதான் கஷ்டம். கண்ணை மூடினால் வயிற்றில் கை வைத்து அசைகிறதா என்று பார்ப்பேன். அசைந்தால் நிம்மதியாகி, அப்படியே அடுத்த அசைவுக்குக் காத்திருப்பேன். எங்கள் கட்டில் கல்யாணத்துக்கு வாங்கிய இரும்புக் கட்டில். அதன்மேல் இருந்த தேங்காய் நார் மெத்தை நடுவில் குழிந்து போயிருந்தது. இடது பக்கம் சாய்ந்து படுத்தால் பத்து நிமிஷத்தில் உருண்டு பள்ளத்தில் மல்லாந்து கிடப்பேன். பகலில் படுக்கலாம் என்றால், வீட்டுக்காரருக்கு ஷிப்டு வேலை. நைட் ஷிப்டு வாரத்தில் காலையில் வந்து நாஸ்தா தின்றுவிட்டு மூன்று மணி வரைக்கும் அந்தக் கட்டிலில் குறட்டை விடுவார். அவர் தூக்கம் கலையக்கூடாது என்று குக்கர்கூட வைக்காமல் வடிசோறு வடிப்பேன். கூடத்துத் தரையில் படுத்தால் எழுந்திருக்க ஒரு ஆள் வேண்டும்.

இந்த நேரத்தில்தான் ஒருநாள் அவள் கூப்பிட்டாள்.

"வாங்க்கா, ரூமுக்குள்ள வந்து பாருங்க. எங்கப்பா வண்டி வெச்சு அனுப்பிச்சிட்டாருங்க."

அவள் பேச்சில் வரும் அந்த 'ங்க' எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. மரியாதை கொடுத்துக்கொண்டே இருப்பவளிடம் சண்டை போட வழியில்லாமல் போகிறது. உள்ளே போனேன். தேக்குக் கட்டில், சுத்தமான இலவம்பஞ்சு மெத்தை. கையை வைத்தால் மெதுவாக அமுங்கி, எடுத்தால் மெதுவாக எழுந்தது. தலைக்கு இரண்டு தலையணை, வயிற்றுக்கடியில் கொடுக்கத் தட்டையாக ஒன்று, கால்களுக்கு நடுவில் வைக்க நீளமாக உருளைத் தலையணை. சன்னலில் கரும்பச்சைத் திரை. கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு, அதன்மேல் வெட்டிவேர் போட்ட பானைத் தண்ணீர், பசித்தால் கடிக்கப் பொட்டுக்கடலை டப்பா. பாத்ரூம் போகும் வழியில் ஜீரோ வாட்ஸ் பல்பு, வழுக்காமல் இருக்க ரப்பர் மிதியடி. எல்லாம் அவள் வீட்டுக்காரர் பார்த்துப் பார்த்துச் செய்தது. அவருக்கு ஜெனரல் ஷிப்டு வேறு. பகல் முழுவதும் அந்த அறை அவளுக்கே.

"இதைக் கால் நடுவுல குடுத்துப் படுத்தா இடுப்பு நோவாதுங்க்கா. நீங்களும் ஒண்ணு தெச்சுக்குங்க."

"எனுக்கு இன்னாத்துக்கும்மா அதெல்லாம். நான் படுத்தா கட்டை மாதிரி தூங்குவேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வந்து அழுதேன். ஒரு தலையணைக்காக அழுகிறோமே என்று வெட்கமாக இருந்தது. அழுகை நின்றபாடில்லை. இவளுக்கு முதல் பிள்ளை, ஒரு குறையும் கிடையாது, பிரஷரும் கிடையாது. கிடைக்கவேண்டிய எனக்குக் கிடைக்காமல் இவளுக்கு ஏன் இத்தனையும் என்று சுவரைப் பார்த்துக் கேட்டேன்.

மறுநாளே வேலையில் இறங்கிவிட்டேன். செங்கல்பட்டு போகிற பக்கத்து பிளாக் அம்மாளிடம் சொல்லிக் கரும்பச்சைத் துணி வாங்கி வரச் செய்து, கையாலேயே மடித்துத் தைத்துத் திரை போட்டேன். கிழிந்த புடவைகளைச் சுருட்டி உருளைத் தலையணை தைத்தேன். அவள் வீட்டுக்கு மோர் கொடுக்கப் போகிற சாக்கில் கட்டிலுக்கும் சன்னலுக்கும் எத்தனை சாண் என்று அளந்துகொண்டு வந்தேன். தலைமாடு வெளிச்சுவரை ஒட்டி, சன்னலுக்கு நேர் கீழே. எங்கள் இரும்புக் கட்டிலையும் அதே அளவில் இழுத்துப் போட்டேன்.

வீட்டுக்காரர் ஷிப்டு முடிந்து வந்து வாசலிலேயே நின்றார்.

"இன்னாம்மே இது? வூட்டையே பொரட்டிப் போட்டுகினு கீறே. வயித்துல புள்ளைய வெச்சிகினு கட்டில இஸ்க்கலாமா?"

"அவ வூட்ல இப்டிதான் போட்டுகினு கீறா. அவளுக்குத் தூக்கம் வருதில்ல?"

அவர் லுங்கியை மாற்றிக்கொண்டு சோறு போடச் சொன்னார்.

குவார்ட்டர்ஸ்காரிகள் மட்டுமே செய்கிற தப்பு ஒன்று உண்டு. எல்லா வீடும் ஒன்று என்று நினைத்துவிடுவது. மாடிப்படிக்கு இந்தப் பக்கம் ஒரு வீடு, அந்தப் பக்கம் ஒரு வீடு. அறைகள் அதேதான், ஆனால் திருப்பிப் போட்டது. அவள் படுக்கையறைச் சன்னல் கிழக்கே, கடலைப் பார்த்தது. மத்தியானமானால் கடல்காற்று நேராக அவள் தலைமாட்டில் வந்து இறங்கும். என்னுடையது மேற்கு. மத்தியானத்திலிருந்து சாயும் வரைக்கும் வெயில் மொத்தமும் எங்கள் வெளிச்சுவரில்தான். இரவு பத்து மணிக்குச் சுவரில் கை வைத்தால் தோசைக்கல் மாதிரி சுடும். அதில் தலையை வைத்துக்கொண்டு, வருகிற கொஞ்சக் காற்றையும் தடித்த திரையால் மூடிக்கொண்டு படுத்தேன்.

அவள் ஒருநாள் குழம்பு கொண்டுவந்தபோது பார்த்துவிட்டாள்.

"ஏனுங்க்கா, உங்குளுக்கு இது மேக்குச் செவுருங்களே. வெயில் பூரா இங்கதானுங்களே எறங்கும். கட்டலை உள்பக்கமா இழுத்துப் போட்டீங்கன்னா நல்லாருக்குமுங்க."

எனக்குச் சுரீரென்று வந்தது. தன்னை மாதிரியே நானும் வைத்துக்கொண்டேன் என்று இவளுக்குப் பொறுக்கவில்லை என்றுதான் தோன்றியது. "எனுக்கு சூடு ஒத்துக்கும்மா" என்றேன். அவள் சொன்னதற்காகவே இன்னும் இரண்டு வாரம் கட்டிலை நகர்த்தவில்லை. வேர்வையில் நனைந்து, விடிய விடிய விசிறிக்கொண்டு கிடந்தேன்.

அடுத்த முறை டாக்டரம்மா பிரஷர் பார்த்துவிட்டு, பட்டையை மறுபடியும் கட்டி இரண்டாவது தடவை பார்த்தார்.

"நல்லா ஏறியிருக்கு. கால் வேற வீங்கியிருக்கு. அடுத்த வாரமும் இப்படியே இருந்தா பெட்ல சேத்துடுவேன். வெளையாட்டில்ல."

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் கட்டிலைப் பழைய இடத்துக்கே நகர்த்தச் சொன்னேன். அவர் நகர்த்திப் போட்டார். சூடு குறைந்தது. மெத்தையின் பள்ளம் அப்படியேதான் இருந்தது. பிள்ளை அசைகிறதா என்று பார்க்கிற பழக்கமும் அப்படியேதான் இருந்தது.

அதே வாரம் அவளுக்கு ஏழாம் மாத வளைகாப்பு. பொள்ளாச்சியிலிருந்து வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். கை கொள்ளாத வளையலோடு அவளைப் பிரசவத்துக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். அவள் வீட்டுக்காரரையும் ஆபீசில் மூன்று மாதப் பயிற்சிக்கு வெளிமாநிலத்துக்கு அனுப்பினார்கள். வீடு பூட்டிக் கிடக்கப் போகிறது என்று சாவியை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள்.

"வாரத்துக்கொருக்கா சன்னலைத் தெறந்து வெச்சிருங்க்கா. உப்புக் காத்துல மெத்தை பூசணம் புடிச்சுருமுங்க. முடிஞ்சா வெயில் படற மாதிரி மட்டும் தெறந்து வையுங்க, நீங்க எதையும் தூக்க வேண்டாமுங்க."

முதல் நாள் சன்னலைத் திறக்கத்தான் போனேன். பதினோரு மணி இருக்கும். என் வீட்டில் அவர் நைட் ஷிப்டு முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். சன்னலைத் திறந்ததும் காற்று வந்து முகத்தில் விழுந்தது. இடுப்பு வலித்தது, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். பிறகு காலைத் தூக்கி வைத்தேன். பிறகு இடது பக்கமாகச் சாய்ந்து, அவளுடைய உருளைத் தலையணையைக் கால்களுக்கு நடுவில் கொடுத்தேன். வயிறு தட்டைத் தலையணையில் போய் உட்கார்ந்தது. இவ்வளவு நாளாக அந்தக் கனத்தை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பது அது இறங்கின பிறகுதான் தெரிந்தது. கண் விழித்தபோது மணி மூன்று.

திருடிவிட்டு வருகிறவள் மாதிரி விரிப்பைத் தட்டிச் சரிசெய்துவிட்டு வெளியே வந்தேன். மறுநாளும் போனேன். அதற்கடுத்த நாளும். தலை எண்ணெய் படாமல் இருக்க ஒரு பழைய துண்டை எடுத்துக்கொண்டு போவேன். வீட்டுக்காரரிடம் எதிர்வீட்டைக் கூட்டிப் பெருக்குவதாகச் சொன்னேன். "டெய்லியா பெருக்கறே?" என்று கேட்டார். "உப்புக் காத்து" என்றேன்.

பிரஷர் இறங்கியது. டாக்டரம்மாவுக்கே ஆச்சரியம்.

"என்ன பண்ணின?"

"வேற மெத்தைம்மா" என்றேன். அது பொய்யும் இல்லை.

இதில் பொறாமை தீர்ந்திருக்கும் என்று நினைப்பீர்கள். அதிகமானதுதான் மிச்சம். இந்தச் சுகத்தை இவள் தினமும் சாதாரணமாக அனுபவித்தாளே என்று ஒவ்வொரு நாளும் எரிந்தது. போகப் போக அது என் கட்டில் மாதிரியும், அவள் வந்து பிடுங்கிக்கொள்ளப் போகிறவள் மாதிரியும் ஆகிவிட்டது. அவள் வீட்டுக்காரர் பயிற்சி முடிந்து திரும்பும் தேதியும் என் பிரசவத் தேதியும் ஏறக்குறைய ஒன்று. சர்ச்சுக்குப் போனால் என் பிள்ளைக்காக வேண்டிக்கொண்ட கையோடு, அவர்கள் சீக்கிரம் திரும்பி வரக்கூடாது என்றும் வேண்டிக்கொள்வேன். வாய்விட்டு வேண்டவில்லை, ஆனால் வேண்டினேன்.

எனக்கு எட்டு மாதம் முடிகிற சமயம். வழக்கம்போல அவள் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தேன். யாரோ கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டு விழித்தேன். தட்டுவது என் வீட்டுக் கதவை. கூப்பிடுவது அவளுடைய வீட்டுக்காரர்.

"அக்கா, சாவி வேணுமுங்க. அக்கா!"

என் வீட்டுக்காரர் உள்ளே செத்த பிணம் மாதிரி தூங்குகிறார், கதவைத் திறக்கவில்லை. நான் அவர் வீட்டுக்குள், அவர் கட்டிலில், உள்தாழ் போட்டுக்கொண்டு கிடக்கிறேன். அந்த வயிற்றோடு எப்படி அத்தனை வேகமாக எழுந்தேனோ தெரியாது. விரிப்பை இழுத்துவிட்டு, துண்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்து, மூலையில் இருந்த துடைப்பத்தை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்தேன்.

"மெத்தைக்கு வெயில் காட்டிகினு இருந்தேன் தம்பி" என்றேன். கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்ததை நானே உணர்ந்தேன்.

அவர் எதையும் பார்க்கவில்லை. சவரம் செய்யாத முகம். தோளில் ஒரு பை.

"அவளுக்குக் கொழந்தை பொறந்துருச்சுங்க்கா. மாசம் முடியறதுக்கு முன்னாடியே. ஒண்ணே கால் கிலோதான் இருக்குதுங்க. கண்ணாடிப் பெட்டியில வெச்சிருக்கறாங்க. ஒண்ணுஞ் சொல்ல மாட்டேங்கறாங்க டாக்டருங்க." தோள் பையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "பாஸ்புக்கும் துணியும் எடுத்துட்டுப் போக வந்தனுங்க. இப்போதைக்கு நாங்க வர முடியாதுங்க. ரெண்டு மாசமோ மூணு மாசமோ. சாவி உங்ககிட்டவே இருக்கட்டுமுங்க."

எட்டாம் மாதத்தில் ஒன்றைப் பறிகொடுத்தவள் நான். அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் அவள் எப்படி நின்றுகொண்டிருப்பாள் என்று இந்தக் குடியிருப்பிலேயே நன்றாகத் தெரிந்தவள் நான்தான். இருந்தும் அவர் சொல்லி முடித்தவுடன் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அப்பாடா, இன்னும் மூன்று மாதம் வரமாட்டார்கள், என் பிரசவம் வரைக்கும் இந்தக் கட்டில் எனக்குத்தான். அந்த நினைப்பு முழுசாக வந்து போன பிறகுதான் "ஐயோ, இன்னா தம்பி" என்று வாயில் வந்தது. கண்ணீரும் வந்தது. கண்ணீர் பொய்யில்லை. ஆனால் அது இரண்டாவதாக வந்தது.

அன்று சாயங்காலம் இனி அந்தப் பக்கமே போகக்கூடாது என்று முடிவு செய்தேன். மூன்று நாள் போகவும் இல்லை. நான்காம் நாள் தலை வலித்தது. என் பிள்ளையை நினைத்துப் பயந்துபோய்ச் சாவியை எடுத்தேன். அவள் கட்டிலில் படுத்து, அவள் பிள்ளைக்காகவும் வேண்டிக்கொண்டேன். நன்றாகத்தான் தூங்கினேன். இதைக் கொஞ்சம் மாற்றி எழுதினால் எனக்கு நல்ல பெயர் கிடைக்கும், ஆனால் தூங்கினேன்.

ஒரு மாதம் கழித்து எனக்கு மகள் பிறந்தாள். மூன்று கிலோவுக்கு மேல். பிறந்தவுடன் வார்டே அதிரக் கத்தினாள்.

அவர்கள் திரும்பி வந்தபோது என் மகளுக்கு இரண்டு மாதம் முடிந்திருந்தது. அவள் பாதியாக இளைத்திருந்தாள், கண்ணுக்குக் கீழே கருப்பு. பையனைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்த அன்றே என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். சாவியைக் கொடுக்கும்போது என்னால் அடக்க முடியவில்லை.

"உன் கட்டில்ல நான் படுத்துகினு இருந்தேன்மா. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல. டெலிவரி வரைக்கும், டெய்லி."

அவள் சிரித்தாள். "அட, அதுக்கென்னுங்க்கா. மெத்தை படுக்கறதுக்குத்தானுங்க. நான் அங்க ஆஸ்பத்திரி வராண்டாவுல துண்டை விரிச்சுப் படுத்துக் கெடந்தனுங்க. நீங்களாச்சும் நல்லாத் தூங்குனீங்களே, அது போதுமுங்க."

இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்க இவளுக்கு எப்படி வருகிறது என்று அந்த நேரத்திலும் எனக்கு எரிந்தது. அன்றைக்கு அவள் வீட்டுக்காரர் வாசலில் நின்று சொன்னபோது எனக்கு முதலில் என்ன தோன்றியது என்பதையும் சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் எழுந்து பையனை என் மடியில் போட்டாள்.

"கொஞ்சம் வெச்சிருங்க்கா. ஒரு அரை மணி நேரம் போய்ப் படுத்துட்டு வந்துர்றனுங்க. நாலு மாசமாச்சுங்க படுத்து."

எதிர்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவள் சாயங்காலம் விளக்கு வைக்கிற வரைக்கும் தூங்கினாள், நான் எழுப்பவில்லை. சொல்ல வந்ததை அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்கப்புறம் ஏழெட்டு வருஷம் எதிரெதிரே குடியிருந்தும் சொல்லவில்லை. மகளை ஒரு கையிலும் அவனை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு கூடத்தில் நடந்தேன். என் மகளைவிட ஒரு மாதம் மூத்தவன், கையில் அவளில் பாதி கனம்கூட இல்லை.